வலது ஓரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். "சொல்ல வேண்டியதை எழுது. எழுத்துல கத்த முடியாது" என்று போன முறை சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே புதிதாகக் கட்டி முடித்திருக்கும் நூலகத்தைப் படம் எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. கட்டடத்தை வடிவமைத்தவர் எந்நேரமும் சட்டைப்பையில் அடிக்கோல் செருகியிருப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல் சார்' என்றே பெயர். நாற்காலி மேஜைகள் வந்து இறங்குவதற்குள், கட்டடம் காலியாக இருக்கும் இரண்டு நாட்களில், உட்புறம் முழுவதையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். படங்கள் பிடித்துவிட்டால் தன் அலுவலகத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கல்யாண வீடு கல்யாண வீடாக அலைவது தீரும்.

அப்பா போன பிறகு நமக்குள் ஆன பேச்சை நான் மறக்கவில்லை. "நிலையா ஒரு வேலை கிடைச்சா அங்கேயே இரு. இந்தக் கோடைக்குள்ள கிடைக்கலைன்னா வீட்டுக்கு வந்து என்கூட இரு" என்றீர்கள். சரி என்றேன். அந்த வேலை இதுதான். கிடைத்தால் இங்கே இருப்பேன். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், வாய் பேசாமல்.

கட்டடத்தின் உட்புறத்துக்கு வைட் ஆங்கிள் லென்ஸ் இல்லாமல் முடியாது. மூலையில் முதுகு ஒட்டி நின்றாலும் சாதாரண லென்ஸில் பாதி அறைதான் விழும். என் கேமரா கம்பெனி செய்யும் வைட் லென்ஸின் விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி. கடைக்காரர் வேறு கம்பெனி லென்ஸ் ஒன்றைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். "தேர்ட் பார்ட்டின்னு மூஞ்சியச் சுளிக்காதீங்கம்மா. மாட்டிப் பாத்துட்டு அப்புறம் சுளிங்க" என்றார். மாட்டிப் பார்த்தேன். நான்கு ஓரமும் தெளிவாக இருக்கின்றன. சுவரின் கோடு வளையவில்லை. அதையே வாங்கப் போகிறேன்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். கண் எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்

*

பிப்ரவரி 11

மகளுக்கு,

தாளின் இரு பக்கமும் எழுதியிருக்கிறாய். மை ஊறி ஒரு பக்கத்தை மறு பக்கம் அழிக்கிறது. நான் படித்த கான்வென்ட் பள்ளியில் எங்கள் மதர் இப்படிப்பட்ட தாளைப் படிக்கவே மாட்டார். இரண்டாகக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். நான் படித்தேன். ஸ்டுடியோவில் நெகட்டிவ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். என் கண் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

முப்பத்து நான்கு வயதில் ஒருவர் உன்னைச் 'சோதித்துப் பார்க்க' ஒப்புக்கொண்டதை நல்ல செய்தி என்று எழுதியிருக்கிறாய். உன் வயதில் நான் ஒரு ஸ்டுடியோவை நடத்தினேன். உன் அப்பா பொத்தானை அமுக்கினார், நடத்தியது நான்.

லென்ஸ் விஷயம். 'பொருந்துகிறது' என்கிறாய். இரவல் செருப்பும்தான் காலுக்குப் பொருந்தும். கேமராவைச் செய்தவனுக்குத்தான் அதன் கண் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். மற்றவன் அளவெடுத்துக் காப்பியடிப்பவன். காப்பியடித்தவளுக்கும் சில சமயம் நல்ல மதிப்பெண் விழும். அதற்காக அவளை முதல் வரிசையில் உட்கார வைப்பதில்லை. உன் அப்பா காலர் கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வேறு கம்பெனி லென்ஸை ஒருநாளும் மாட்டியதில்லை.

அவருடைய வைட் லென்ஸ் என் அலமாரியில் இருக்கிறது. உன் கேமராவும் அதே கம்பெனிதான், பொருந்தும். அதை அனுப்புகிறேன். ஆனால் ஒன்று. அந்தக் காப்பிக்காரன் பண்டத்தை முதலில் கடையில் திருப்பிக் கொடு. கொடுத்துவிட்டேன் என்று எழுது. நீ எழுதினால் நம்புவேன். பொய் எழுத உனக்குத் தைரியம் கிடையாது. இரண்டையும் ஒரே பையில் நீ வைத்திருப்பதை நான் அனுமதிக்க மாட்டேன். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

நம் பேச்சு அப்படியே இருக்கிறது. ஞாபகப்படுத்தியதற்கு மகிழ்ச்சி.

அம்மா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பதில் எழுதி, கிழித்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் எழுதியிருந்தேன், அதனால் கிழிக்கச் சுலபமாக இருந்தது.

பிறகு மறுபடி படித்தேன். அப்பாவின் லென்ஸை அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் பொருள் ஒன்றைக்கூட நீங்கள் எனக்குத் தந்ததில்லை. கடிகாரத்தைக் கேட்டேன், "நீ தொலைச்சிடுவே" என்றீர்கள். கண்ணாடிக் கூட்டைக் கேட்டேன், "உனக்கெதுக்கு?" என்றீர்கள். கேட்காமலே இதைத் தருகிறீர்கள். இந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நீங்களும் நினைக்கிறீர்களோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சிரிக்காதீர்கள்.

கடை லென்ஸை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரருக்கு வருத்தம். "நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்களேம்மா. அப்புறம் ஏன்?" என்றார். "எங்கப்பா லென்ஸ் வருது" என்றேன். "அப்பான்னு வந்துட்டா கம்பெனி என்ன பண்ணும்" என்று சிரித்துவிட்டு, அதையே கேட்டுக் காத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அப்பா அந்த லென்ஸை மாட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று சொல்வார்: "வலது ஓரத்தைக் காலியா விடு பாப்பா. படத்துக்கு மூச்சு விட இடம் வேணும்." வாடிக்கையாளர் யார் எது சொன்னாலும் அந்த ஓரத்தில் அவர் சுவரையோ திரையையோதான் விடுவார். உயரவாக்குப் படத்துக்குக் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் திருப்புவார். அந்த ஓரம் மேலே கூரைக்குப் போய்விடும். நானும் அப்படியே பழகிவிட்டேன். என் படங்களைப் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்: "வலப்பக்கம் அமைதியா இருக்கு." அப்பாவின் கை என்று சொல்லிக்கொள்வேன்.

படம் எடுக்கும் நாள் மார்ச் 2, 3. தயவுசெய்து சீக்கிரம் அனுப்புங்கள். முன்கூட்டி வந்தால் நாலு இடம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 26

மகளுக்கு,

லென்ஸ் இத்துடன் வருகிறது. இடையில் முழங்கால் வலித்தது. தபால் நிலையம் போக முடியவில்லை. வேலைக்காரியிடம் கொடுத்து அனுப்பும் பொருள் அல்ல. தவிர, அவள் நின்றுவிட்டாள். நான் அதட்டினேனாம். வாளியில் அழுக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு வீட்டைத் துடைப்பவளை வேறென்ன செய்வது?

தோல் உறையை வெயிலில் வைக்காதே. கண்ணாடியை முந்தானையால் துடைக்காதே; உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

கிடைத்ததும் சுவரை எடுத்துப் பார்ப்பது, செய்தித்தாளை எடுத்துப் பார்ப்பது என்று ஆரம்பிக்காதே. உன் அப்பா ஆயுள் முழுவதும் அதில் எடுத்தார். ஒருநாளும் சோதித்ததில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே படம் எடுக்கிறவளுக்குக் கை நடுங்கும்.

என் எழுத்துக் கோணியிருந்தால் பேனாவைக் குறை சொல்.

அம்மா

*

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

முடித்துவிட்டேன்!

பார்சல் முதல் நாள் சாயங்காலம்தான் கையில் கிடைத்தது. உறையைத் திறந்ததும் அப்பாவின் சட்டைப்பை வாசனை. மறுநாள் பொழுது விடிந்ததும் நூலகத்துக்குப் போய்விட்டேன். அம்மா, நீங்கள் பார்க்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரை மர அலமாரிகள், ஒன்றில்கூடப் புத்தகம் இல்லை. மேலே கண்ணாடிக் கூரை. வெளிச்சம் இறங்கி அலமாரிப் பலகைகள் மேல் படிப்படியாக உட்கார்ந்திருந்தது.

வழக்கம்போல வலது ஓரத்தைக் காலியாக விடப் பார்த்தேன். ஸ்கேல் சார் விடவில்லை. "என்னம்மா, நான் அந்தப் பக்கமும்தானே கட்டியிருக்கேன்? சுவத்துக்குச் சுவர் வேணும். ஒரு பலகை விடக் கூடாது" என்றார். சரியென்று இரண்டு பக்கமும் நிறைத்தே எடுத்தேன். கேமராவின் குட்டித் திரையில் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது. இருந்த ஆனந்தத்தில் கணினியில் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் நேற்றே கொடுத்துவிட்டேன். சுவரளவு பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டப் போகிறாராம்.

நன்றி அம்மா. இந்த ஒருமுறை நீங்கள் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

உங்கள் மகள்

*

மார்ச் 10

மகளுக்கு,

உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய கட்டிலை எடுத்துவிட்டேன்; ஆடுகிறது. இரும்புக் கட்டில் போட்டிருக்கிறேன். சன்னலுக்கு எந்த நிறத் திரை வேண்டும் என்று எழுது. பச்சை வேண்டாம்.

அம்மா

*

மார்ச் 22

அம்மா,

உங்களுக்கு முன்பே தெரியும். வேலை கிடைத்ததா இல்லையா என்ற பதில் வருவதற்கு முன்பே என் அறைக்கு வெள்ளையடித்தீர்கள்.

போன வாரம் ஸ்கேல் சார் கூப்பிட்டனுப்பினார். வரவேற்பறைத் தரையில் என் படங்களைச் சுவரளவுக்கு அச்சடித்து விரித்திருந்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அடிக்கோலை எடுத்து ஒவ்வொரு படத்திலும் வலப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "இங்க என்னம்மா புகை மூட்டம்? இங்க? இங்கயும்? கட்டடத்துக்கு ஒரு பக்கம் பக்கவாதமா?" யாரோ சிரித்தார்கள். இடப்பக்கம் பலகையின் ரேகைகூடத் தெரிகிறது. வலப்பக்கம் எல்லாப் படத்திலும் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. ஒன்றிரண்டில் அல்ல, எல்லாவற்றிலும்.

மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். "எப்பம்மா? நாற்காலி, மேஜை, புத்தகம், ஆளு எல்லாம் உள்ள வந்தாச்சு. காலியா இருந்த கட்டடத்த எங்க போய்க் கொண்டுவருவே?" என்றார். வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்து செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்தேன். நீங்கள் செய்யாதே என்றதைத்தான் செய்தேன். வலப்பக்க எழுத்து கரைந்திருந்தது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தேன். கரைசல் இடப்பக்கம் போனது. கோளாறு கேமராவில் இல்லை, என் கையில் இல்லை. லென்ஸுக்குள் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்தேனே, அந்தக் காப்பிக்காரன் பண்டம், அது நான்கு ஓரமும் தெளிவாகக் காட்டியது.

அப்போதும் உங்களைச் சந்தேகப்படவில்லை. அம்மாவுக்கு லென்ஸைப் பற்றி என்ன தெரியும் என்றே நினைத்தேன். பிறகு அத்தையைப் பார்க்கப் போனேன்.

அப்பாவின் தங்கை இதே ஊரில்தான் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா போன மறுமாதம் நீங்கள்தான் அவரைப் பெண்கள் விடுதிக்கு அனுப்பினீர்கள். ஓர் அறையில் ஆறு கட்டில்கள். அவர் கட்டிலுக்கு மேல் நம் வீட்டுப் பெரிய குடும்பப் படம். நடுவில் நீங்கள். வலது ஓரத்தில் அத்தை. முகம் இல்லை அம்மா. கன்னம் ஒரு பக்கமாக இழுபட்டு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறை.

"ஏன் அத்தை இப்படி?" என்றேன்.

"நான் அசைஞ்சுட்டேன்" என்றார்.

"அசைஞ்சீங்களா?"

"எப்பவும் அசைஞ்சுடுவேன். உங்கம்மா எத்தனை தரம் திட்டியிருக்காங்க, 'உனக்கு மட்டும் ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியாதா'ன்னு. ஒருதரம் மூச்சக்கூட விடாம நின்னு பாத்தேன் பாப்பா. அதுலயும் அசைஞ்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு, லென்ஸ் எப்போதாவது விழுந்ததா என்று கேட்டேன். "ஒரு கல்யாண மண்டபத்து மாடிப்படியில அண்ணன் கை நழுவிடுச்சு. உங்கம்மா பக்கத்துலதான் நின்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க, தொழில் படுத்துடும்னு. அதுக்கப்புறம்தான் நான் அசைய ஆரம்பிச்சேன்" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்கிறார். சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

படம் எடுத்தது அப்பா. ஆட்களை நிற்க வைத்தது நீங்கள். "நீ இப்படி வா, நீ அப்படித் தள்ளு" என்று தோளைப் பிடித்து நகர்த்துவது நீங்கள். நம் ஸ்டுடியோவில் சொல்வார்களே, "படம் பிடிக்கறது அய்யா, ஆளப் பிடிக்கறது அம்மா" என்று. அப்பா அந்த ஓரத்தில் சுவரை விட்டார். நீங்கள் அத்தையை விட்டீர்கள். அப்புறம் அதே லென்ஸை என் கையில் கொடுத்து என்னை அனுப்பினீர்கள்.

தெரியுமா, தெரியாதா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

*

மார்ச் 29

மகளுக்கு,

கடிதத்தின் கீழ் 'உங்கள் மகள்' என்று போட மறந்திருக்கிறாய். கோபம் வந்தாலும் கடிதத்தை முறையாக முடிக்க வேண்டும்.

உன் அத்தை அசைந்தாள். பிறந்ததிலிருந்து அவள் அசைந்துகொண்டேதான் இருந்தாள். என் வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தாள். ஒரு பாத்திரத்தை வைத்த இடத்தில் வைத்ததில்லை.

அந்த லென்ஸை உன் கேமராவில் யாரும் வலுக்கட்டாயமாக மாட்டவில்லை. தொழில் தெரிந்தவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பாள். ஆனந்தத்தில் பார்க்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்கும் அந்த லென்ஸ்தான் இருந்தது. அவர் வேலையை யாரும் தரையில் விரித்துச் சிரிக்கவில்லை. ஏன்? அவருக்குத் தன் கருவியைத் தெரியும். உனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்ன ஒரு வாக்கியம். அதைக் கலை என்று நினைத்துப் பிறரிடம் பெருமையடித்திருக்கிறாய்.

நீ கேட்ட கேள்வி மகள் தாயிடம் கேட்கும் கேள்வி அல்ல. பதில் கிடையாது.

வேலை கிடைக்கவில்லை. பேச்சுப்படி ஏப்ரல் 10க்குள் வா. சன்னலுக்குச் சாம்பல் நிறத் திரை போட்டிருக்கிறேன். வரும்போது லென்ஸை உறையோடு கொண்டு வா.

அம்மா

*

ஏப்ரல் 6

அம்மா,

நான் வரவில்லை.

ஒரு போட்டோ கடையில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். சுழல் நாற்காலி, வெள்ளைத் துணி, வந்தவர்களின் முகம். "கண்ணத் திறங்க, வாய மூடுங்க." நாள் முழுக்க அவ்வளவுதான். ஸ்கேல் சாரின் அலுவலகத்திலிருந்து ஒருவர் படம் எடுத்துக்கொள்ள வந்தார். என்னைத் தெரியாதது போல உட்கார்ந்துவிட்டுப் போனார். இருந்தாலும் உங்கள் சாம்பல் நிறத் திரையைவிட இது மேல்.

ஆனால் பேச்சை முழுவதும் மீறுகிறேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது. வீட்டில் உங்களோடு ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? ஆள் வருகிறது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அத்தை வருகிறார்.

நீங்கள் கூப்பிட்டதாகச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "அண்ணியா? என்னையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "அம்மாவுக்குக் கண் சரியில்லை, துணைக்கு நீங்கதான் வேணுமாம்" என்றேன். அன்றைக்கே விடுதியில் கட்டிலைக் காலி செய்துவிட்டார். மற்ற ஐந்து கட்டில்காரர்களிடமும் சொல்லிக்கொண்டார்: "எங்க அண்ணி கூப்பிட்டுட்டாங்க." உங்களுக்கென்று கடைக்குப் போய் ஒரு துவாலை வாங்கியிருக்கிறார்.

முடிந்தால் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும். முடியாவிட்டால், காலையில் எழுந்ததும் அந்த முகத்தைப் பாருங்கள். மிக அருகில், நடு ஹாலில், தெளிவாக.

லென்ஸைக் கொடுத்தனுப்பவில்லை. குப்பைக்காரன் கேட்டான், கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 19

மகளுக்கு,

வந்து சேர்ந்தாள். பெட்டியைக் கயிற்றால் கட்டியிருந்தாள், பூட்டு இல்லை. வாசல்படியில் ஏறாமல் கீழேயே நின்றாள். எதிர்வீட்டு டாக்டர் மனைவி சன்னலில் இருந்தாள்.

"அண்ணி, நீங்க கூப்பிட்டீங்கன்னு பாப்பா சொன்னா" என்றாள்.

நான் பார்த்தேன். நீ எழுதியது போலத் தெளிவாக இல்லை. இப்போது எனக்கு எந்த முகமும் தெளிவாக இல்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. "ஆமாம், கூப்பிட்டேன். காலைக் கழுவிட்டு உள்ள வா" என்றேன்.

நீ சொன்ன பொய்யை நான் காப்பாற்றியிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

வெள்ளையடித்த அறையைப் பூட்டிவிட்டேன். அவளுக்கு உன் அப்பா படம் கழுவிய பழைய இருட்டறையை ஒழித்துக் கொடுத்தேன். சன்னல் கிடையாது. அவள் குறை சொல்லவில்லை. "அண்ணன் வேலை பாத்த இடமாச்சே" என்று கதவை ஒருமுறை தொட்டுவிட்டு, கீழே பாயை விரித்துக்கொண்டாள். சமைக்கிறாள், துடைக்கிறாள், என் கண்ணில் மருந்து விடுகிறாள். கை நடுங்குவதில்லை. அதட்டினால் அவள் வேலைக்காரியைப் போல நின்றுவிட முடியாது. நிற்பதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. விடுதிக் கட்டிலைக் காலி செய்தால் திரும்பக் கிடைக்குமா என்று நீ விசாரித்தாயா? விசாரித்திருக்க மாட்டாய். நானும் உன் இடத்தில் விசாரித்திருக்க மாட்டேன்.

அவள் அசையவில்லை என்பதை நீ அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன். இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறாய், அவள் கையால் தேநீர் குடித்திருக்கிறாய், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இந்த ரயிலில் ஏறியிருப்பாளா? அதனால்தான் சொல்லவில்லை.

குணத்தில் நீ உன் அப்பாவைக் கொண்டவள் என்று இத்தனை நாள் நினைத்து வருத்தப்பட்டேன். ஓர் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதில் நீ என்னைக் கொண்டிருக்கிறாய். முதல் தடவையாக உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்.

அம்மா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

விடுதிக்குப் போனேன். அத்தையின் கட்டிலில் வேறொரு பெண் உட்கார்ந்து சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி இடம் வர எவ்வளவு நாள் ஆகும் என்று வார்டனிடம் கேட்டேன். "யாராவது செத்தாதாம்மா" என்றார்.

அத்தையை அனுப்பிவிடுங்கள். என் அறை சின்னது, ஆனால் சன்னல் இருக்கிறது, அதில் அவர் இருக்கட்டும். நீங்கள் கூப்பிடவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று அவரிடம் நானே நேரில் சொல்வேன். அந்தப் படங்களில் ஒன்றில்கூட அவர் அசையவில்லை, விழுந்து சாய்ந்த லென்ஸின் கெட்ட பக்கத்தில் வேண்டுமென்றே நிற்க வைக்கப்பட்டார் என்பதையும் சொல்வேன். உங்களைப் பழிவாங்க அவரைப் பார்சல் மாதிரி அனுப்பினேன் என்பதையும் சொல்வேன். தயவுசெய்து அதுவரை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். என் வாயால் கேட்டால்தான் அவர் தாங்குவார்.

துணைக்கு ஆள் இல்லாமல் நீங்கள் இருக்க முடியாது என்று தெரியும். அதனால் கடையில் சொல்லிவிட்டு நானே வந்துவிடுகிறேன். பேச்சு முதலில் அதுதானே? எந்தத் திரை போட்டிருந்தாலும் சரி. நான் வருகிறேன், அவரை விடுங்கள்.

உங்கள் மகள்

*

மே 3

மகளுக்கு,

இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். போன வாரம் முதல் பூதக்கண்ணாடி வைத்தும் எழுத்து தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் அத்தை எழுதுகிறாள். சிறுபிள்ளை எழுத்து, ஆனால் வரி கோணவில்லை.

உன் கடிதத்தையும் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். வேறு யார் இருக்கிறார்கள்? 'பொய் சொன்னேன்' என்ற இடத்தில் நிறுத்தினாள். "ஏன் நிறுத்திட்டே? படி" என்றேன். படித்தாள். 'அசையவில்லை' என்ற இடத்தில் மறுபடி நிறுத்தினாள். அந்த வரியை மட்டும் இன்னொரு தரம், எனக்காக இல்லாமல், மெதுவாகப் படித்தாள். 'பார்சல்' என்ற இடத்தில் நிறுத்தவில்லை. முடித்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போனாள். அன்று பால் பொங்கவில்லை, நேரத்துக்கு இறக்கிவிட்டாள்.

உன் வாயால் சொல்ல நினைத்ததை உன் கையால் சொல்லிவிட்டாய். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டேன்.

நீ வர வேண்டாம். நீ வந்தால் கேள்வி கேட்பாய், இவள் கேட்பதில்லை. நீ வந்தால் நான் உன்னைப் பார்த்து நடக்க வேண்டும். இவளை நான் பார்க்க வேண்டியதில்லை. பூட்டிய அறையை இனித் திறப்பதாக இல்லை. இவளையும் அனுப்புவதாக இல்லை. போக விருப்பமா என்று நேற்றுக் கேட்டேன். "எங்க போறது அண்ணி?" என்றாள். அதுதான் நம் மூவருக்கும் பதில்.

இனி நீ எழுதும் கடிதம் எதுவானாலும் முதலில் இவள் கண்ணில்தான் படும். அதை மனதில் வைத்து எழுது.

கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா என்று இவள் இப்போது கேட்கிறாள். கூடாது என்று சொன்னேன். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

அம்மா